பறவைப் படத்துக்கு 1 அங்குல சென்சாரா, ஏபிஎஸ்-சி சென்சாரா?

நண்பரே, 600 மி.மீ., எஃப் 4 வரை போகும் 1 அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) ஜூம் கேமராவா, 300 மி.மீ., எஃப் 5.6 லென்ஸோடு ஏபிஎஸ்-சி (அதைவிடப் பெரிய சென்சார் அளவு) கேமராவா என்று கேட்டிருக்கிறீர்கள். மாலை வெளிச்சத்தில் பறவை எடுக்கப் பெரிய சென்சார்தானே நல்லது என்பது உங்கள் எண்ணம்.

பரப்பளவில் சரிதான். 1 அங்குலம் என்றாலும் அது 13.2 × 8.8 மி.மீ. மட்டுமே, ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் தொலைவில் இருக்கும் பறவைக்கு லென்ஸின் திறப்பு எத்தனை அகலம் என்பதுதான் பெரிய விஷயம். 1 அங்குலக் கேமராவின் அந்த 600 ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாருக்கு) இணையான கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் (ஃபோக்கல் லெங்த்) 220 மி.மீ.தான். அதை எஃப் எண்ணான 4ஆல் வகுத்தால் கிடைப்பது 55 மி.மீ. திறப்பு. 300ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54. ஒரே இடத்தில் நின்று ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இரண்டும் பறவையிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் வாங்கும். அதனால் பறவையின் மேல் தெரியும் நாய்ஸில் (வெளிச்சம் குறைந்தால் வரும் புள்ளிகளில்) நீங்கள் எதிர்பார்க்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வராது. ஏபிஎஸ்-சியில் 300 என்பது 450க்குத்தான் இணை, படத்தை இன்னும் வெட்டவும் வேண்டியிருக்கும்.

வேறு லென்ஸ் வாங்கப் போவதில்லை என்றால் 1 அங்குலக் கேமராவையே எடுங்கள். பின்னால் 600 மி.மீ., எஃப் 6.3 மாதிரி லென்ஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஏபிஎஸ்-சி. அந்த லென்ஸின் திறப்பு 95 மி.மீ. அப்புறம், பறக்கும் பறவையை எடுப்பீர்கள் என்றால் இரண்டின் ஆட்டோஃபோகஸையும் நகரும் பொருளில் சோதித்துவிட்டு வாங்குங்கள்.