கொழும்புக்கு 90, ஐரோப்பாவுக்கு 6: கோளாறு எங்கே?

கேள்வி: மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் காடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஐரோப்பாவில் உள்ள ஒரு சேர்வரிலிருந்து ஏறக்குறைய 400 ஜிபி சென்டினல்-2 செய்மதிப் படங்களை இறக்க வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் கொழும்புச் சேர்வரோடு 90 எம்பிபிஎஸ் காட்டுகிறது, படங்களோ 6-க்கு மேல் வருவதில்லை. அந்தச் சேர்வருக்கு பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெக்கன். 100 பிங் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் தொலையவில்லை. இதைவிட வேகமான இணைப்பு கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம், காசு வீண். 90 எம்பிபிஎஸ் ஒழுங்காகக் கிடைத்தாலே 400 ஜிபி பத்து மணித்தியாலத்தில் இறங்கிவிடும். இப்போதைய வேகத்தில் ஆறு நாளுக்கு மேல் போகும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு மீன் அனுப்பும் முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்து சேர்ந்ததாகச் செய்தி வர வர, அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாக அனுப்புகிறார். ஒரு பெட்டி தொலைந்தால் பயந்து பாதியாகக் குறைத்துவிடுகிறார். இணையத்தில் தரவை அனுப்பும் முறையான டிசிபி செய்வதும் ஏறக்குறைய இதுதான். செய்தி 10 மில்லிசெக்கனில் வந்தால் குறைத்ததைச் சட்டென்று மீட்டுவிடலாம். 200 மில்லிசெக்கன் என்றால் மீள்வதற்குள் அடுத்த பெட்டியும் தொலைந்துவிடும்.

கணக்கும் அதையே சொல்கிறது. தரவு சிறு சிறு பொதிகளாகத்தான் போகிறது, பத்தாயிரத்தில் ஒரு பொதி தொலைகிறது என்று வையுங்கள். 10 மில்லிசெக்கன் தூரத்தில் ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும். அதே இழப்போடு 200 மில்லிசெக்கன் தூரத்தில் ஆறேழுதான். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் கிட்டவுள்ள சேர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் பேசுகிறது. அதனால் அதற்கு இந்தக் கோளாறு தெரியாது. உங்கள் 100 பிங்குக்கும் தெரியாது. பத்தாயிரம் அனுப்பினால் சராசரியாக ஒன்று அகப்படும்.

ஆகவே பிங்கை விட்டுவிட்டு, கணினிப் பிரிவினரிடம் உங்கள் கேபிள் போய்ச் சேரும் சுவிட்ச் போர்ட்டின் சிஆர்சி பிழை (வழியில் பழுதான பொதிகள்) எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கேபிள், முனை, தூசி படிந்த ஃபைபர் இவற்றில் ஒன்று. ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும்), மறுபக்கம் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒன்றுதான்) என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை நான் இரண்டு வாரம், வலையமைப்புக்குக் காவலாக நிற்கும் பயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் மேசைக்கால் கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது.

போர்ட்டில் பிழையே இல்லை என்றால் அப்புறம் பயர்வாலைச் சந்தேகிக்கலாம். அலுவலகப் பாவனைக்கான பயர்வால்கள் ஆயிரம் சிறு இணைப்புகளை நன்றாகச் சமாளிக்கும், ஒரே பெரிய ஓட்டம் வந்தால் திணறிப் பொதிகளைக் கொட்டிவிடும். பெரிய தரவுக்கென்று ஒரு கணினியை வலையமைப்பின் விளிம்பில் வைத்து, அதற்கு மட்டும் பயர்வாலுக்குப் பதில் ரூட்டரிலேயே கட்டுப்பாடு போடும் அமைப்புக்கு சயன்ஸ் டிஎம்இசட் என்று பெயர். அமெரிக்காவின் ஈஎஸ்நெட் என்ற ஆய்வு வலையமைப்பு உருவாக்கிய வடிவம் அது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே விளங்கும்.

இணையத்தில் இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். பஃபரை, அதாவது வழியில் இருக்கும் தரவுக்கென ஒதுக்கும் நினைவிடத்தை, கூட்டு என்பது ஒன்று. 100 எம்பிபிஎஸ், 200 மில்லிசெக்கனுக்கு 2.5 எம்பி போதும். இன்றைய லினக்ஸ் தேவையென்றால் தானாகவே அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மற்றது பிபிஆர், ஒரு பொதி தொலைந்ததும் பயந்து பாதியாகக் குறைக்காத டிசிபி வகை. நல்ல சரக்குத்தான், ஆனால் அனுப்பும் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். நீங்கள் வாங்கும் பக்கம்.

பழுது தீரும்வரை ஏரியா2 அல்லது ஆர்குளோன் என்ற மென்பொருள் மூலம் எட்டு இணைப்பில் இறக்குங்கள். எட்டு முதலாளிகள் தனித்தனியே அனுப்புவது போல, 45-ஐத் தாண்டலாம். சில சேர்வர்கள் ஒருவருக்கு இத்தனை இணைப்புத்தான் என்று வரம்பு வைத்திருக்கும், விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, 400 ஜிபியும் உண்மையில் வேண்டுமா? சென்டினல்-2 படத்தில் 13 ஒளியலைப் பட்டைகள். தாவரச் சுட்டெண் எடுக்க நாலும் எட்டும் போதும். ஒரு படம் 100 கிலோமீற்றருக்கு மேல் அகலம், அதில் வாவிக்கரை ஒரு துண்டு. கிளவுட் ஆப்டிமைஸ்ட் ஜியோடிஃப் வடிவில் கிடைக்கும் படங்களில் அந்த இரண்டு பட்டைகளின் அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கலாம். முதலில் ஒரு மாதத்துப் படங்களுக்கு இப்படிச் செய்து, எத்தனை எம்பி வருகிறது என்று பாருங்கள்.