விஎம் டிஸ்க்கை வெளியிலிருந்து திறப்பதற்கு முன்

கொக்குவிலில் ஒரு கற்கை நிலையத்தின் கணினி லாபைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு உபுண்டு சேர்வரில் கேவிஎம் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு மாணவர்களுக்கு விஎம்கள் (அப்படி ஓடும் மெய்நிகர் கணினிகள்) கொடுத்திருக்கிறோம். டிஸ்க் எல்லாம் ரோ இமேஜ் கோப்புகள் (டிஸ்க்கின் உள்ளடக்கம் அப்படியே ஒரு கோப்பாக), ஒவ்வொன்றும் 40 ஜிபி, உள்ளேயும் உபுண்டு சேர்வர்தான். மாறி மாறி ஏதாவது ஒன்று டிஸ்க் நிரம்பி நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் லொகின் செய்யாமல், பைத்தன் ஸ்கிரிப்ட் ஒன்றாலேயே இடம் பார்க்கவும், ஒரு கோப்பை மாற்றவும், டிஸ்க்கைப் பெரிதாக்கவும் வழி இருக்கிறதா? இதுவரை இமேஜை லூப் டிவைஸாக்கி (கோப்பை ஒரு டிஸ்க்போலக் காட்டி) சேர்வரிலேயே மவுண்ட் செய்துதான் பார்த்தோம். போன கிழமை அப்படிப் பார்த்த பிறகு ஒரு விஎம் பூட் ஆகவில்லை, அதை மீட்கலாமா?"

வழி இருக்கிறது தம்பி, ஆனால் அந்த விஎம் ஏன் போனது என்பதை முதலில் கதைப்போம். அது விளங்காவிட்டால் எந்தக் கருவியைப் பாவித்தாலும் இன்னொன்று போகும்.

நீங்கள் மவுண்ட் செய்தபோது அந்த விஎம் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒரு ஃபைல்சிஸ்டத்தை (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) திறந்து வைத்திருக்கும் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எல்லாவற்றையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதாது. எந்த பிளாக் காலி, எது எந்தக் கோப்புக்குரியது என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்துக்கொண்டு ஆறுதலாகத்தான் எழுதும். விஎம்முக்குள் ஒரு கேர்னல், வெளியே உங்கள் சேர்வரின் கேர்னல், இரண்டும் ஒரே டிஸ்க்கைத் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்து எழுதினால், ஒரே கணக்குக் கொப்பியில் இரண்டு காசாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதியதுபோல்தான் முடியும். "நான் எதையும் மாற்றவில்லை, சும்மா பார்த்தேன்" என்பீர்கள். பார்த்தாலும் எழுதும். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை ரீட்-ஒன்லி என்று மவுண்ட் செய்தாலும், ஜேர்னலில் (டிஸ்க்கில் செய்யவேண்டிய மாற்றங்களின் குறிப்பேடு) முடியாத வேலை கிடந்தால் கேர்னல் அதை எடுத்து டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் மவுண்ட் செய்யும். ஓடும் விஎம்மின் ஜேர்னலில் முடியாத வேலை எப்போதும் கிடக்கும்.

கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்களை ஓட்டும் புரோகிராம் கியூஎம்யு. 2017 இல் வந்த அதன் 2.10 இலிருந்து ஓடும் விஎம்மின் இமேஜுக்கு ஒரு பூட்டு இருக்கிறது, இன்னொரு கியூஎம்யு அதை எழுதத் திறந்தால் மறுத்துவிடும். ஆனால் லூப் டிவைஸ் அந்தப் பூட்டைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இதே வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: டிஸ்க் இடத்தைப் பங்குபோடும் லினக்ஸ் வசதி எல்விஎம், அது பங்குபோடும் மொத்த இடம் வோலியூம் குரூப். உபுண்டு இன்ஸ்டோலர் எல்லா மெஷினிலும் வோலியூம் குரூப்புக்கு உபுண்டு-விஜி என்றே பெயர் வைக்கிறது, சேர்வரிலும் அதே பெயர், விஎம்மிலும் அதே பெயர், லூப் டிவைஸ் வந்தவுடன் சேர்வரின் எல்விஎம் இரண்டையும் கண்டு குழம்பும்.

இனி வழிக்கு வருவோம். லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற லைப்ரரிதான் உங்களுக்குத் தேவை. ரெட் ஹாட்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2009 இல் தொடங்கியது, சி மொழியில் ஏபிஐ, பைத்தன், பேர்ல், ரூபி, கோ என்று பல மொழிகளிலிருந்து அழைக்கலாம். இது டிஸ்க்கை உங்கள் சேர்வரின் கேர்னலிடம் கொடுப்பதே இல்லை. சேர்வரில் இருக்கும் கேர்னலின் ஒரு பிரதியையும் தேவையான சில புரோகிராம்களையும் சேர்த்து அப்ளையன்ஸ் எனப்படும் ஒரு குட்டி விஎம்மைக் கட்டி, அதற்குள் டிஸ்க்கை மாட்டி, அங்கே பின்னணியில் ஓடும் டீமன் என்ற புரோகிராமிடம் வேலையைச் சொல்லும். எல்விஎம் பெயர் மோதாது. மாணவன் ஒருவன் வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஃபைல்சிஸ்டமாக இருந்தாலும் அடிபடுவது அந்தக் குட்டி விஎம்தான், உங்கள் சேர்வர் அல்ல. மாணவர்களுக்கு ரூட் (முழு நிர்வாக உரிமை) கொடுக்கும் லாபில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்ஸ்டோல் செய்ய ஆப்ட்டில் லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டூல்ஸ், பைத்தன்3-கெஸ்ட்எஃப்எஸ் இரண்டும் காணும். வேர்ச்சுவல் என்விரொன்மென்ட்டுக்குள் எழுதுகிறீர்கள் என்றால் சிஸ்டம் பக்கேஜ்களும் தெரியும்படி அதை உருவாக்குங்கள், இல்லாவிட்டால் மொடியூல் இல்லை என்றுதான் சொல்லும். முதல் ஓட்டத்திலேயே சூப்பர்மின் (அப்ளையன்ஸைக் கட்டும் கருவி) பிழையோடு நின்றுவிட்டது என்று வந்தால் பயப்பட வேண்டாம். உபுண்டுவில் பூட் போல்டரில் இருக்கும் கேர்னல் கோப்பை ரூட் மட்டும்தான் வாசிக்கலாம், சாதாரண யூசராக ஓடும் உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிரதி எடுக்க முடியாமல் விழுகிறது. அந்தக் கோப்புக்கு வாசிக்கும் உரிமை கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் ஒவ்வொரு கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் புதுக் கோப்பு வரும், திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட்டின் ஓட்டம் எப்போதும் ஒன்றுதான். கெஸ்ட்எஃப்எஸ் ஹேண்டில் (எல்லா அழைப்புகளும் இதன் மூலம்தான்) ஒன்றை உருவாக்குங்கள், டிஸ்க்கைச் சேருங்கள், லோஞ்ச் செய்யுங்கள் (இதில்தான் சில செக்கன்கள் போகும்), இன்ஸ்பெக்ட்-ஓஎஸ் அழைப்பு சொல்லும் ரூட்டை (இங்கே ரூட் என்பது இயங்குதளம் இருக்கும் ஃபைல்சிஸ்டம்) பிடித்து அதன் மவுண்ட்பொயின்ட்களைக் கேட்டு, குறுகிய பாதையிலிருந்து நீண்டதற்கு வரிசைப்படுத்தி மவுண்ட் செய்யுங்கள், பிறகு வேலை. வரிசை மாறினால் பூட் பார்ட்டிஷனை முதலில் மவுண்ட் செய்ய முயன்று விழும். டிஸ்க்கைச் சேர்க்கும்போது கோப்பின் பாதையைக் கொடுக்காமல் எட்-டொமெயின் என்ற அழைப்பில் விஎம்மின் பெயரைக் கொடுப்பதுதான் என் விருப்பம். விஎம் ஓடிக்கொண்டிருந்து நீங்கள் ரீட்-ஒன்லி என்று சொல்லாவிட்டால் அது அங்கேயே மறுத்துவிடும். ரீட்-ஒன்லி என்று சொன்னால் இமேஜுக்கு மேலே தற்காலிகமாக ஒரு படையைப் போட்டுத் திறக்கும், ஜேர்னல் எழுதினாலும் அந்தப் படையில்தான் விழும், உண்மையான டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறாது. ஓடும் விஎம்மின் இடத்தைப் பார்க்க இது காணும், எண்கள் கொஞ்சம் பழசாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கோப்புப் பாதையைத்தான் கொடுப்பேன் என்றால் ஃபோர்மட் ரோ என்பதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கியூஎம்யு தலைப்பகுதியை வாசித்துத் தானே ஊகிக்கும். தன் விஎம்முக்குள் ரூட் உள்ள மாணவன் ஒருவன் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு கியூகவ்2 (கியூஎம்யுவின் இன்னொரு இமேஜ் வடிவம்) தலைப்பை எழுதி, அதன் பின்னணிக் கோப்பாக உங்கள் சேர்வரின் பாஸ்வேர்ட் கோப்பைக் காட்டிவிட்டால், நீங்கள் திறக்கும்போது அதுவும் சேர்ந்து திறக்கும். அதேபோல ஒரு ஹேண்டிலில் எல்லா விஎம்களின் டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம், ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்தவைக்கு யூயூஐடி (அடையாள எண்) எல்லாம் ஒன்றாகவே இருக்கும். எழுதும் வேலை என்றால் விஎம்மை ஷட்டவுன் செய்யுங்கள், சஸ்பெண்ட் போதாது. வேலை முடிந்ததும் ஹேண்டிலின் ஷட்டவுனை அழைத்து அது பிழையில்லாமல் முடிந்ததா என்று பாருங்கள். கடைசி எழுத்து டிஸ்க்கில் போய்ச் சேராவிட்டால் அங்கேதான் தெரியும்.

இடத்தை மட்டும் பார்ப்பதற்கு ஸ்கிரிப்ட்டே தேவையில்லை, விர்ட்-டிஎஃப் என்ற கொமாண்ட் லிப்விர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள எல்லா விஎம்களையும் வரிசையாகக் காட்டும்.

அதைப் போட்டுப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும் என்று நினைக்கிறேன். 40 ஜிபி கொடுத்த விஎம்மில் ரூட் ஃபைல்சிஸ்டம் ஏறக்குறைய 19 ஜிபி என்றுதான் இருக்கும். உங்கள் டிஸ்க்குகள் நிரம்பவில்லை, பாதி தொடப்படாமலே கிடக்கிறது. உபுண்டு சேர்வர் இன்ஸ்டோலர், வோலியூம் குரூப் 20 முதல் 200 ஜிபிக்குள் இருந்தால் அதில் பாதியை மட்டும் ரூட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியை ஸ்னாப்ஷொட்டுக்கும் பிற்பாட்டுக்கும் என்று விட்டுவிடும். இன்ஸ்டோல் செய்யும்போது அந்தத் திரையில் எண்ணை மாற்றாதவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். விஎம்மை நிறுத்தாமலே, உள்ளே எல்விஎக்ஸ்டென்ட் கொமாண்டை ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும் ஒப்ஷனோடும் மிச்ச இடம் 100 வீதமும் என்றும் போட்டால் சில செக்கன்களில் 38 ஜிபி வரும். டிஸ்க் பெரிதாக்கும் யோசனைக்குப் போகும் முன் இதை எல்லா விஎம்களிலும் செய்து முடியுங்கள்.

அதற்குப் பிறகும் காணாவிட்டால் விர்ட்-ரீசைஸ். இமேஜ் கோப்பை மட்டும் நீட்டினால் பார்ட்டிஷனுக்குத் தெரியாது, பார்ட்டிஷனை நீட்டினால் எல்விஎம்முக்குத் தெரியாது, எல்விஎம்மை நீட்டினால் ஃபைல்சிஸ்டத்துக்குத் தெரியாது. விர்ட்-ரீசைஸ் எல்லா அடுக்கையும் ஒரேயடியாகச் செய்யும். 60 ஜிபிக்கு வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி, எந்தப் பார்ட்டிஷன், எந்த லொஜிக்கல் வோலியூம் (வோலியூம் குரூப்பிலிருந்து எடுத்த பங்கு) பெரிதாக வேண்டும் என்று சொல்லிப் பழைய கோப்பையும் புதியதையும் கொடுங்கள். விஎம்முக்குள் விடிஏ3 என்று தெரியும் பார்ட்டிஷனை இங்கே எஸ்டிஏ3 என்று கொடுக்க வேண்டும், சந்தேகமென்றால் விர்ட்-ஃபைல்சிஸ்டம்ஸ் சரியான பெயரைக் காட்டும். பழைய கோப்பை அது தொடாது, புதியதற்குக் கொப்பிதான் எடுக்கும். இடையில் கரண்ட் போனாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை, புதுக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டலாம். புதியதில் விஎம்மை ஏற்றி வடிவாகப் பார்த்த பிறகு பழையதை அழியுங்கள், அதுவரை இரண்டுக்கும் சேர்வரில் இடம் வேண்டும்.

பூட் ஆகாத விஎம்முக்கு: முதலில் இமேஜின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஹேண்டிலில் அதைச் சேர்த்து, எதையும் மவுண்ட் செய்யாமல், ரூட் லொஜிக்கல் வோலியூமுக்கு இ2எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்துவது) அழைப்பைக் கரெக்ட் ஒப்ஷனோடு கொடுங்கள். அது பாதுகாப்பாகச் சரிசெய்யக்கூடியதை மட்டும் செய்யும். மறுத்தால் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லும் ஒப்ஷன் உண்டு, அதில் சில கோப்புகள் பெயரிழந்து லொஸ்ட்+ஃபவுண்ட் போல்டருக்குள் எண்களாகப் போய்விடலாம். மாணவரின் வேலை ஹோமில் இருந்தால் சரிசெய்த பிரதியிலிருந்து டவுன்லோட் அழைப்பால் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்து, புது விஎம் ஒன்றில் போட்டுக் கொடுங்கள். பழைய டிஸ்க் பூட் ஆனாலும் அதை வகுப்புக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம், உள்ளே எந்த பிளாக்கில் எது மாறிக் கிடக்கிறது என்று இ2எஃப்எஸ்சிகேயால் சொல்ல முடியாது.