பூட்டிய கேட்டும் அத்துமீறல் வழக்கும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை, பக்கத்துப் பட்டா நிலத்தின் ஓரமாகச் செல்கிறது. தாத்தா காலம் தொட்டு அதில்தான் போய் வருகிறோம். அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியவர் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அறுத்த நெல் களத்தில் கிடந்ததால் கேட்டின் ஓரமாக நுழைந்து நடந்து போனேன். அத்துமீறி நுழைந்ததாக என் மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. நான் குற்றவாளியா, ஐயா?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை என்றே சொல்வேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு, பிறர் நிலத்தில் கால் வைப்பதையெல்லாம் குற்றமாக்கவில்லை. குற்றம் செய்யவோ, அனுபவத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ வேண்டும் என்ற உள்நோக்கத்தோடு நுழைந்திருக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு எரிச்சல் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பது போதாது, எரிச்சலூட்டுவதே நோக்கமாக இருந்ததா என்பதே கேள்வி என்று, இதே சொற்களைக் கொண்ட பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 441-வது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே விளக்கம் தந்துவிட்டது. நெல்லைப் பார்க்கப் போனவரின் நோக்கம் நெல்தான். தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; பிணையில் வரக்கூடிய குற்றம், சமரசமும் செய்துகொள்ளலாம். வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகும் வழியும் திறந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: பூட்டை உடைக்காதீர்கள். உடைத்த மறுநொடியே சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றச்சாட்டும் சேர்ந்துவிடும். உங்கள் பக்கம் இருந்த நியாயம் காவல் நிலைய வாசலிலேயே தேய்ந்துபோகும்.

இந்த வழக்கிலிருந்து விடுபடுவதால் மட்டும் பாதை உங்களுடையதாகிவிடாது. உரிமையைச் சிவில் நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி (பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது), 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், அமைதியாகவும், இடையறாமலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும். ‘அவர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் போவோம்’ என்று சாட்சிக் கூண்டில் வாய் தவறிச் சொன்னால் உரிமை என்ற வாதமே சரிந்துவிடும். வேறு வழியே இல்லை என்ற அவசிய உரிமையைக் கோருவதானால், இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒருவருக்கே சொந்தமாக இருந்து பிரிந்தவை என்று காட்ட வேண்டும். எனவே மூலப் பத்திரங்களைத் தேடி எடுங்கள். இடைக்காலத் தடையாணையோடு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் கேளுங்கள். மண்ணில் அழுந்திய சக்கரத் தடத்தையும், வேலியில் பாதைக்காக விட்ட இடைவெளியையும் அவர் நேரில் பார்த்து எழுதும் அறிக்கை, ஊர்க்காரர் பத்துப் பேரின் சாட்சியத்தைவிடக் கனமானது. மழை பெய்து தடம் அழியும் முன் இது நடக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் அடைக்கப்பட்டிருப்பது வருவாய்ப் பதிவில் ‘வண்டிப்பாதை புறம்போக்கு’ என்றே உள்ள பாதை. காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: உங்கள் நிலை முந்தைய வாசகருடையதைவிட வலுவானது. நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறை அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்கி இணைத்து, பொதுப்பாதையின் தடையை நீக்கக் கோரி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஊராட்சிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவின்படி குற்றம். மறிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பியவருக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு தனியார் வழிக்கு மட்டுமே. இதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள்.

முதல் வாசகருக்கு இன்னொன்று: 20 ஆண்டு அனுபவம், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். கேட் பூட்டப்பட்ட தேதியை இன்றே எழுதி வையுங்கள்.