செபுவில் விளம்பரம் பார்க்கிறார்கள், வாங்குவதில்லை: உங்கள் கேள்விக்கு

வணக்கம். பிலிப்பைன்ஸின் செபு நகரில் சோப்பு விற்கும் உங்கள் ஃபேஸ்புக் விளம்பரத்திற்கு லைக்குகள் குவிந்தும் ஆர்டர் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இணைத்திருந்த படத்தைக் கவனமாகப் பார்த்தேன்.

விளம்பரம் முழுவதும் மணிலா பகுதியின் மொழியான டகாலோக்கில் இருக்கிறது. செபு மக்கள் பேசுவது செபுவானோ. பேச்சுவழக்கில் பிசாயா என்பார்கள். டகாலோக்கில் மரியாதைக்காகச் சேர்க்கும் 'போ' என்ற சொல்கூட செபுவானோவில் கிடையாது என்பதால், மணிலாக்காரர் யாரோ பேசுவதாகவே அவர்களுக்குத் தோன்றும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொண்டு, ஆங்கிலம் இயல்பாகக் கலந்த பிசாயாவில் புதிதாக எழுதச் சொல்லுங்கள், மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது கருத்துப் பகுதிதான். விலை கேட்டவர்கள் அனைவருக்கும் 'தனிச்செய்தி அனுப்பியுள்ளோம்' என்றே பதிலளித்திருக்கிறீர்கள். விலையை மறைப்பதாக அங்கே அது எரிச்சலூட்டும். மேலும், விலையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று அந்நாட்டின் 1992ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமே சொல்கிறது. விலையைப் படத்திலேயே போடுங்கள். பிறகு மெசஞ்சரில் வருபவர்களுக்கு மனிதரே பொறுமையாகப் பதில் சொல்லட்டும்.

ஆறு கட்டிகள் கொண்ட பெட்டியோடு ஒற்றைக் கட்டியையும் விற்பனைக்கு வையுங்கள். தேவைக்கேற்பச் சில்லறையாக வாங்கும் 'திங்கி' வழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியது. ஜிகேஷ் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றச் செயலியும், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் வசதியும் அவசியம்.

சம்பளம் பெரும்பாலும் 15ஆம் தேதியும் மாத இறுதியிலும் வருவதால், விளம்பரச் செலவை அந்நாட்களை ஒட்டிக் கூட்டுங்கள். கிறிஸ்துமஸ் பேச்சு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். 'பதின்மூன்றாம் மாதச் சம்பளம்' எனப்படும் ஆண்டு இறுதிக் கூடுதல் ஊதியம் டிசம்பர் 24க்குள் கிடைத்துவிடும் என்பதால், பரிசுப் பெட்டிகளை நவம்பருக்குள் தயாராக வைத்திருங்கள்.