ரஸ்க்கில் பல்லி வால்: பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்

தண்டையார்பேட்டை கடையில் வாங்கிய ரஸ்க்கில் பல்லி வால் கிடந்தது, மகன் பாதி சாப்பிட்டுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பையனைக் கவனியுங்கள் அக்கா, வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், தயங்காமல் கிளம்புங்கள். அப்புறம் மிச்சத்தை அப்படியே கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பேட்ச் நம்பர், தேதி, பாக்கெட்டில் FSSAI என்று போட்டிருக்கும் 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு அனுப்புங்கள். கடைக்காரர் வேறு பாக்கெட் தருகிறேன், பழையதைக் கொடுங்கள் என்பார். கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது போனால் ஆதாரமே போச்சு. ராயபுரத்தில் வாங்கிய மிக்சரில் கம்பித் துண்டு வந்தபோது நான் அப்படித்தான் ஏமாந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. அதே பேட்ச் பாக்கெட்டுகளை வேறு பிள்ளைகளும் வாங்குவார்கள், இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.