வெயிலில் உதிரும் பீன்ஸ் பூ, ஃபிரிட்ஜில் கெடும் காய்

கேள்வி: ஓசூர் அருகே பிப்ரவரி இறுதியில் குத்துச்செடி பீன்ஸ் விதைத்தோம். தண்ணீருக்குக் குறைவில்லை; ஆனாலும் ஏப்ரலில் பூக்கள் கொத்தாக உதிர்கின்றன. பறித்த காய்களை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மறுநாளே பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பீன்ஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர்; 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது, அதைவிட முக்கியமாக இரவிலும் புழுக்கம் தணியாதபோது, மகரந்தம் வீரியம் இழந்து பூக்கள் கருவுறாமலேயே உதிர்ந்துவிடுகின்றன. மகரந்தம் உருவாவது பூ விரிவதற்குச் சுமார் பத்து நாட்களுக்கு முன்பு என்பதால், இன்று உதிரும் பூ பெரும்பாலும் சென்ற வாரத்து வெயிலால் பாதிக்கப்பட்டதே. தப்பி நின்ற காய்கள் சிலவற்றைப் பிளந்து பாருங்கள்: கொக்கிபோல் வளைந்த காயில் ஓரிரு விதைகள் மட்டுமே திரண்டிருந்தால் கருவுறுதல் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்நிலையில் யூரியா இடவே வேண்டாம். இலை தழைக்குமே தவிர பூ நிற்காது. வைக்கோல் மூடாக்கு இட்டு, காலையிலோ மாலையிலோ அளவாகப் பாய்ச்சினால், வெப்பம் தணிந்தபின் வரும் அடுத்த பூக்களையாவது காப்பாற்றலாம். உண்மையான தீர்வு விதைப்புக் காலத்தை மாற்றுவதுதான். குத்துச்செடி ரகங்கள் ஐந்து, ஆறு வாரங்களில் பூத்துவிடும் என்பதால், டிசம்பருக்குள் விதைத்தால் கோடைக்கு முன்பே காய்ப்பு முடிந்துவிடும்.

ஃபிரிட்ஜில் விழும் புள்ளிகள் குளிர்ச்சிக் காயம். 5 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்த காய் உள்ளே இருக்கும்வரை நன்றாகவே தோன்றும். வெளியே எடுத்தபின்தான் தோலில் குழி விழுந்து துருநிறம் படரும். ஆகவே உறைபெட்டியை ஒட்டிய தட்டில் வைக்காமல், கீழே காய்கறிகளுக்கான இழுப்பறையில் வையுங்கள். 5 முதல் 7 டிகிரியில், நல்ல ஈரப்பதத்தோடு, எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை தாங்கும். அதிகாலையில் பறித்து, நிழலில் பரப்பிச் சூடு ஆற்றி, மேலே ஈரம் இல்லாமல், துளையிட்ட பாலித்தீன் பையில் போடுவது அவசியம். பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்து வைத்தால், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் காய் விரைவில் மஞ்சளாகும்.

மாதக்கணக்கில் வேண்டுமானால் நறுக்கிய காயைக் கொதிநீரில் மூன்று நிமிடம் இட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றி, நன்றாக நீர் வடித்து ஃப்ரீசரில் வையுங்கள்.