மேல் நட்டு கைக்கு எட்டவில்லையா? பிக்கப் பின் ஷாக் மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

பிக்கப்பில் பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது, சொல்லக் கேட்டால் நாலு போல்ட் வேலை. கீழ் இரண்டும் கண்ணுக்கு நேராக இருக்கும். மேல் இரண்டும் லோடு பாடிக்கும் சேஸுக்கும் நடுவே போய் ஒளிந்திருக்கும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த மேல் நட்டைச் சுற்றித்தான். அதனால் நானும் அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஷாக் போய்விட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெக்கானிக் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். (பொள்ளாச்சி, தேங்காய் லோடு)

அமுக்கிப் பார்ப்பதெல்லாம் காருக்குச் சரி. ஒரு டன்னுக்கு மேல் தாங்குகிற பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) ஒரு ஆள் அமுக்கினால் அது அசையவே அசையாது, அப்புறம் ஷாக்கைப் பற்றி என்ன தெரியும்? குண்டும் குழியுமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் சூடேறியிருக்கும். ஒன்று சூடாகவும் இன்னொன்று ஜில்லென்றும் இருந்தால் ஜில்லென்று இருப்பது செத்துவிட்டது. சைலன்சர் பக்கம் கை வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை.

அடுத்தது டயர். ஷாக் போயிருந்தால், ஓடும் முகத்தை உள்ளங்கையால் சுற்றிலும் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்த தடம் அது. எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை, மேல் சீல் ஓரத்தில் லேசான ஈரத்தில் தூசி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். உடம்பு முழுக்க வழிந்து சொட்டினால் மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கு கேட்டால், 80,000 தாண்டினால் ஒருமுறை சோதிக்கச் சொல்வது வழக்கம். நம் லோடுக்கும் ரோட்டுக்கும் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

லோடு ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. ஹெவி ஷாக் போட்டால் நிமிருமா அண்ணே? (ஈரோடு)

நிமிராது தம்பி. எடையைத் தாங்குவது பட்டை. பட்டை ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பட்டைக்காரரிடம் காட்டி வளைவு இறங்கியிருக்கிறதா, ஏதாவது ஒரு பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பட்டறையில் வேலை பழகுகிறேன். மேல் நட்டு கண்ணுக்கே தெரியவில்லை. விரல் நுனி படுகிறது, பானா நுழையவில்லை. பாடியைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா? (சேலம்)

முதலில் எந்த மாதிரி என்று பார்த்துக்கொள். மேலும் கீழும் வளையமாக இருந்து, குறுக்கே போல்ட் போவது ஒரு வகை. இதில் மேல் போல்ட் சேஸின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்த்திருக்கும், பக்கவாட்டில் வழி செய்தால் போதும். இன்னொரு வகையில் ஷாக்கின் தண்டே மேலே நீட்டிக்கொண்டு பிராக்கெட் ஓட்டை வழியாகப் போயிருக்கும், நட்டு அதன் தலையில் இருக்கும். அதற்கு மேலே பாடியின் அடித்தகடு. உயிரை வாங்குவது இந்த இரண்டாவது வகைதான். நீ சொல்வதைப் பார்த்தால் உன்னுடையதும் அதுதான்.

பானாவைத் தேடுவதற்கு முன்னால் வழியைத் திற. பின் சக்கரத்தைக் கழற்று. மட்கார்டு உள்ளே பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் அதையும் எடு. ஸ்டெப்னி அடியில் தொங்கினால் இறக்கி வை. ஷாக் ஆக்சிலுக்கு (சக்கர அச்சு) பின்பக்கம் சாய்ந்திருக்கிற வண்டியில் ஸ்டெப்னியை இறக்கினாலே பாதி இடம் கிடைத்துவிடும். அப்புறம் போனில் வீடியோவை ஓடவிட்டு, டார்ச்சோடு அந்தச் சந்துக்குள் நீட்டிப் பார். நட்டு எந்த சைஸ், எந்தப் பக்கம் இடைவெளி என்று தெரிந்த பிறகு கை வைத்தால் விரலில் தோல் மிஞ்சும்.

சாதாரண ரிங் பானாவை அந்த இடத்தில் கொஞ்சம்தான் திருப்ப முடியும், எடுத்து மறுபடி மாட்டவே நேரம் போய்விடும். எடுத்து மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புகிற, தலை மெல்லிய ராட்செட் ரிங் பானா ஒன்று வாங்கி வைத்துக்கொள், இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம். தலைக்கு மேல் இடமிருந்தால் யுனிவர்சல் ஜாயிண்டும் நீள எக்ஸ்டென்ஷனும் போட்டு வெளியிலிருந்தே திருப்பலாம்.

இன்னொன்று, பெரிய ஆட்களே ஏமாறுவது இதில்தான். நீ கீழே மல்லாந்து படுத்திருக்கிறாய், நட்டு மேலே பார்த்திருக்கிறது. அதன் தலைப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகக் கழல வேண்டிய நட்டு, கீழிருந்து பார்க்கிற உனக்கு கடிகார முள் போகிற திசையில் கழலும். இது மனதில் இல்லாமல், இறுக்கிக்கொண்டே "துருப்பிடித்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு.

இத்தனைக்கும் மசியாவிட்டால் பாடியைத் தூக்கலாம். முழுசாகக் கழற்ற வேண்டாம். ஒரு பக்கத்துப் பாடி போல்ட்டுகளை எடுத்துவிட்டு மறுபக்கத்தைத் தளர்த்திவிடு. வெளியில் பாடி கட்டிய வண்டியாக இருந்தால் யு கிளாம்ப் இருக்கும், அதற்கும் இதே கதைதான். பின் விளக்கு ஒயர், எர்த் ஒயர், டீசல் ஊற்றும் குழாயின் ஹோஸ் மூன்றையும் விடுவித்துவிட்டு, ஜாக்கி தலையில் மரக்கட்டை வைத்து மெதுவாக ஏற்று. கை தாராளமாக நுழையும் அளவு போதும். உடனே இடுக்கில் கனமான மரக்கட்டை சொருகிவிடு. ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடுக்கில் கை விடாதே.

பாடித் தகட்டில் ஓட்டை போட்டு மேலிருந்து திருப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓட்டை ஓரத்தில் பெயின்ட் போன இடத்திலிருந்து துரு கிளம்பும், லோடிலிருந்து வடிகிற தண்ணீர் நேராக அந்த நட்டின் மேலேயே விழும்.

நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. எவ்வளவு சுற்றினாலும் அப்படியே இருக்கிறது. (ஓசூர்)

தண்டின் நுனியைப் பாருங்கள். இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அதைச் சின்னப் பானாவாலோ லாக்கிங் பிளையராலோ பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். நுனி துருவில் மழுங்கிப்போயிருந்தால் ஷாக்கின் தூசிக் கவசத்தைக் கிழித்துவிட்டு, உள்ளே பளபளக்கும் தண்டையே பிளையரால் கவ்வலாம். தண்டில் கீறல் விழுந்தால் சீல் போய்விடும், அதனால் இது குப்பைக்குப் போகிற ஷாக்கில் மட்டும்.

அதுவும் வழுக்கினால், கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, நீளமான சாக்கெட்டை நட்டின் மேல் ஆழமாக மாட்டி, அதில் நீளக் கம்பி போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிச் சாயுங்கள். திருப்ப வேண்டாம், சாய்க்க வேண்டும். மரை தொடங்குகிற இடத்தில் தண்டு சோர்ந்து பட்டென்று ஒடிந்துவிடும். இடம் கொடுக்கிற வண்டியில் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மீன் லோடு வண்டி. பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீரில் கீழ் போல்ட் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டது. நட்டு வந்துவிட்டது, போல்ட் வரமாட்டேன் என்கிறது. (தூத்துக்குடி)

உங்கள் ஊரில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. போல்ட் துருப்பிடித்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் குழாயோடு. நீங்கள் தலையைத் திருப்பும்போது போல்ட்டும் குழாயும் ஒன்றாகச் சுற்றும், ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே இழுக்கும். சம்மட்டியால் அடித்தாலும் ரப்பர் அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. அதற்கும் வராவிட்டால் வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ரம்பம் விட்டு போல்ட்டை அறுத்துவிடுங்கள். போல்ட்டும் போகிறது, ஷாக்கும் போகிறது, எதற்கு வருத்தம்? புது போல்ட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அறுக்கத் தொடங்குங்கள். கிரைண்டர் போடுவதாக இருந்தால் டீசல் டேங்க் எந்தப் பக்கம், பிரேக் ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்து ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டுப் போடுங்கள்.

புது போல்ட் மாட்டும்போது அதன் உடம்பில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை உங்களை வாழ்த்துவீர்கள். ரப்பரில் கிரீஸ் படக்கூடாது, ஊதிப்போகும். ரப்பர் நுழையச் சிரமப்பட்டால் சோப்புத்தண்ணீர் போதும்.

கேஸ் வெல்டிங் வைத்துச் சூடு காட்டினால் நட்டு சட்டென்று வந்துவிடுமே? (மதுரை)

வேண்டவே வேண்டாம். உள்ளே எண்ணெய் இருக்கிறது, பல ஷாக்கில் அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கிறது. சூட்டில் வெடித்தால் மல்லாந்து படுத்திருப்பவர் முகத்தில்தான்.

எங்கட கெப்பில ஒரு ஷொக் ஆக்சிலுக்கு முன்னாலயும் மற்றது பின்னாலயும் நிக்குது. முன்னால நிக்கிறது கை எட்டாத இடம். இரண்டையும் பின்பக்கமே மாத்திப் பூட்டலாமோ அண்ணை? (யாழ்ப்பாணம்)

பூட்ட வேண்டாம். அது தெரிந்தே அப்படி வைத்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளப் பார்க்கும், பட்டை எஸ் மாதிரி முறுக்கும், சக்கரம் தடதடவென்று துள்ளும். ஒரு ஷாக் முன்னாலும் ஒன்று பின்னாலும் இருந்தால் அந்த உருட்டலை இரண்டும் இரு பக்கமிருந்து தடுக்கும். வாங்கும்போது இடது வலது ஒன்றுதானா என்று கேட்டு வாங்குங்கள், சில மாடலில் நீளம் வேறுபடும். முன்னால் இருப்பதைச் சக்கரம் கழற்றி, சக்கர வளைவு வழியாகத்தான் பிடிக்க வேண்டும்.

ஷாக்கைத் தலைகீழாக மாட்டினால் நட்டு கீழே வந்துவிடும் இல்லையா? (திருப்பூர்)

நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு குழாய் வைத்த சாதாரண ஷாக்கில் நடக்காது. தலைகீழானால் வால்வுக்குள் காற்று நுழைந்துவிடும், அடக்கம் இருக்காது. ஒற்றைக் குழாய் கேஸ் ஷாக்கைத் தலைகீழாக மாட்டலாம். ஆனால் மேல் பிராக்கெட்டும் கீழ் பிராக்கெட்டும் ஒரே மாதிரி இருக்காதே, எதில் மாட்டுவீர்கள்?

ஜாக்கியை எங்கே போடுவது, சேஸிலா ஆக்சிலிலா? (கரூர்)

சேஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. ஆக்சிலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால்தான் கீழ் போல்ட்டின் மேல் இருக்கிற இழுவை விலகி, போல்ட் தானாக வழுக்கி வரும். ஷாக் இரண்டும் இல்லாதபோது ஆக்சில் வழக்கத்தைவிடக் கீழே தொங்கும், பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று கண் வையுங்கள். லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுகிற வால்வு பல பிக்கப்களில் உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு வரும். அதை வளைத்துவிட்டால் பின் பிரேக் கணக்கே மாறிவிடும்.

ஒன்றுதான் கசிகிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா? (விழுப்புரம்)

ஜோடியாக மாற்றுங்கள்.

புதுசை மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? (நாமக்கல்)

கடையில் படுக்கப்போட்டு வைத்த ஷாக்காக இருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து முழுக்க இழுத்து, முழுக்க அமுக்கி, நாலைந்து தடவை பம்ப் அடியுங்கள். தொடக்கத்தில் ஒரு இடத்தில் சட்டென்று வழுக்கும், அது உள்ளே மாட்டியிருக்கும் காற்று. ஒரே சீராக இறுக்கம் தெரிந்ததும் படுக்கவைக்காமல் அப்படியே கொண்டுபோய் மாட்டுங்கள். கேஸ் ஷாக்கை அமுக்கிக் கட்டியிருக்கும் நாடாவை முதலில் வெட்டாதீர்கள். மேல்பக்கம் மாட்டிய பிறகு வெட்டினால் அது தானே நீண்டு கீழ் பிராக்கெட்டில் வந்து உட்காரும்.

தண்டு வகையில் வாஷர், ரப்பர், பிராக்கெட், ரப்பர், வாஷர், நட்டு என்ற வரிசை. பழசைக் கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பிதுங்கி வாஷர் அகலத்துக்கு வந்தால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் கிழியும். வளைய வகையில் போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் வந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே ஓடும், சீக்கிரம் அறுந்துவிடும். அவசரத்தில் பட்டறைகளில் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

நாலு போல்ட்டுக்கு இவ்வளவு கூலியா? (திண்டுக்கல்)

கீழ் இரண்டுக்குக் கூலி கொஞ்சம்தான். மீதி மேல் இரண்டுக்கு.

புது ஷாக் போட்டும் பள்ளத்தில் "டக் டக்" என்று சத்தம் வருகிறது. ஷாக் டூப்ளிகேட்டா? (தஞ்சாவூர்)

மேல் நட்டை ஒருமுறை சோதியுங்கள், எட்டாத இடம் என்பதால் அரைகுறையாக இறுக்கிவிட்டிருப்பார்கள். அது சரியாக இருந்தால் பட்டையின் ஷாக்கிள் (பட்டை நுனியைச் சேஸோடு இணைக்கும் துண்டு) புஷ், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் இரண்டையும் பாருங்கள். ஒருவர் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தட்டும், இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று ஷாக்கிளைப் பார்க்கட்டும். புஷ் தேய்ந்திருந்தால் ஷாக்கிளின் ஆணி (பின்) ஆடுவது கண்ணுக்கே தெரியும். லோடு இல்லாதபோது மட்டும் பின்பக்கம் குதிக்கிறது என்றால் அது பட்டையின் விறைப்பு, எந்த ஷாக் போட்டாலும் போகாது. டயரில் லோடுக்கு ஏற்றிய காற்றை அப்படியே வைத்துக்கொண்டு காலி வண்டி ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள்.